காட்சி ஏழு: உள்ளே, இரவு

மீன்பிடித் தடைக்காலம்.
அதனால்தான் பாம்பன் ஐஸ் பேக்டரி எங்களுக்குக் கிடைத்தது.
சாவியைக் கொடுத்த ஓனர் மகன் சொன்னான்:
"ரத்தம் கித்தம்னு சுவத்துல பூசிடாதீங்க,
ஜூன்ல கட்டி போடணும்."

பட்ஜெட் நாலாயிரத்து இருநூறு.
கேமரா, ஜுலைகாவின் மச்சான் அபுதாபியிலிருந்து கொண்டுவந்தது;
கீறல் விழுந்தால் அவள் கல்யாணமே நின்றுவிடும் என்கிறாள்.
லைட், மீன்பெட்டியின் தெர்மாகோல் மூடி.
எவ்வளவு கழுவியும் வெளிச்சத்தில் சூடை மணக்கிறது.

கதை ஒரே வரி.
வெளியே தாக்குதல், உள்ளே ஐந்து பிள்ளைகள், விடியும்வரை.

யார் தாக்குகிறார்கள்?
இதிலேயே மூன்று நாள் போயிற்று.
சீருடை வேண்டாம் என்றார் துறைத்தலைவர்.
கொடி வேண்டாம், பாஷை வேண்டாம்,
படகில் எழுதிய நம்பர்கூட வேண்டாம்.
"ஜாம்பி வச்சுக்கலாம்டா" என்றான் ரீகன்.
ஜுலைகா எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாள்.
கடைசியில், தாக்குகிறவனை வெறும் சத்தமாக்கினோம்:
தகரத்தை உதறினால் தூரத்து வெடி,
உப்பு மூட்டையைச் சிமெண்டில் இழுத்தால் நெருங்கும் கால்,
காலி டீசல் டிரம்மில் பனைமட்டையால் அடித்தால்
கதவு.

மைக் யதுசனிடம்.
ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டியது.
மண்டபம் முகாமில் பிறந்தவன்,
திரைக்கதையை இரண்டு தரம் படித்துவிட்டு
ஒன்றே ஒன்று சொன்னான்:
"ஆறு மணிக்குள்ள நான் உள்ள இருக்கணும். செக்கிங்."
கதை நடப்பதோ இரவில்.

ஒத்திகை.
தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் மூன்று, அக்காள்மடம் இரண்டு.
ஐஸ் தொட்டிக்குள் உட்காரவைத்து
"பயப்படுங்க" என்றேன்.
ரீகன் தகரத்தை உதறினான்.
சின்னவள் ஸ்டெனிகா சிரித்தாள்.
அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன்,
அவனைப் பார்த்து எல்லாரும்.
வாயைப் பொத்தினால் மூக்கால் வந்தது.
நான் கத்தினேன்,
அதற்கும் சிரிப்பு.

அப்போதுதான்
உச்சிப்புளிப் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர்,
பாலத்தை ஒட்டித் தாழ்வாக.
தொட்டியிலிருந்து ஏறிக் குதித்து
ஐந்தும் வெளியே ஓடின.
இரண்டு கையாலும் டாட்டா காட்டின,
ஸ்டெனிகா செருப்பைக் கழற்றி ஆட்டினாள்.

உள்ளே
கம்பு தரையில் கிடந்தது.
பிடரியில் கைகளைக் கோத்து
தொட்டி விளிம்புக்குக் கீழே குந்தியிருந்தான் யதுசன்,
ஒரு குண்டுச் சத்தமும் கேட்டிராதவன்.

சத்தம் கடலுக்குள் போனது.
எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.
"அம்மாட பழக்கம்.
கரண்டி விழுந்தாலும் இப்படித்தான் இருப்பா" என்று
கம்பை எடுத்து மைக்கை ஊதிப் பார்த்தான்.
யாரும் மேலே கேட்கவில்லை.
ரீகன் தகரத்தைச் சுவரோரம் சாய்த்தான்,
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல.

இரவு, காட்சி ஏழைத் திரும்ப எழுதினேன்.
அழுகையை அடித்தேன். வசனம் மூன்றையும் அடித்தேன்.
உப்பு மூட்டை வந்து
கதவுக்கு வெளியே நிற்கிறது.
உள்ளே, சின்னவளுக்குச் சிரிப்பு வருகிறது.
நான்கு பேரின் கைகள் அந்த ஒரு வாய்மேல்.
நாற்பது விநாடி, கட் இல்லை.
விரலிடுக்கில் அது கசிகிறதா என்று மட்டும்
கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்.

ஜன்னல்களுக்குத் தார்ப்பாய், வாடகை முந்நூறு.
பகல் பதினொன்றுக்கு இரவு தொடங்கும்,
நாலரைக்கு விடிந்துவிட வேண்டும்.
ஐந்து மணி பஸ்ஸில் யதுசன்.

தாளை ஜுலைகாவிடம் கொடுத்தேன்.
செலவுக் கணக்கைத் திருத்தி
பிஸ்கட்டுக்கு நாற்பது ரூபாய் கூட்டியிருந்தாள்.
ஓரத்தில், பென்சிலில், சின்ன எழுத்தில்:
"ஹெலிகாப்டர் வந்தா டேக்கை நிறுத்திடு.
பிள்ளைங்க ஓடட்டும்.
மைக்கை நான் வாங்கிக்கிறேன்."